பிளை மாளிகையிலிருந்து ஒரு கடிதம்கூட ஏன் போய்ச் சேரவில்லை?

நீலக்குறிப்பேடு எழுதியது:

ஹென்றி ஜேம்ஸின் 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ' என்ற பேய்க்கதையைப் பற்றிப் பேச்செடுத்தால், பேய்கள் உண்மையா, கதை சொல்லும் பெண்ணின் மனப்பிரமையா என்ற இடத்திலேயே பேச்சு நின்றுவிடுகிறது. எனக்கு அதைவிட உறுத்தும் கேள்வி ஒன்று உண்டு. அந்த கவர்னஸ், அதாவது வீட்டோடு தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் அந்தப் பெண், தன் முதலாளிக்கு ஏன் தகவல் சொல்லவில்லை?

படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. முடிவும் பேச்சில் வரும். இனிமேல்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஏழைப் பாதிரியார் ஒருவரின் கடைசி மகள், இருபது வயது, வேலை தேடி லண்டனுக்கு வருகிறாள். ஹார்லி தெருவில் பெரிய வீடு. அழகான, பணக்கார, கல்யாணமாகாத மனிதர். இந்தியாவில் இறந்துபோன அவருடைய தம்பியின் பிள்ளைகள் மைல்ஸும் ஃப்ளோராவும் அவர் பொறுப்பில் இருக்கிறார்கள். எஸ்ஸெக்ஸில் பிளை என்ற அவருடைய கிராமத்து மாளிகையில் அவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவள் எதிர்பார்த்ததைவிட அதிகச் சம்பளம். ஒரே நிபந்தனை: எதற்காகவும் அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது. முறையிடக் கூடாது, புகார் சொல்லக் கூடாது, எழுதக் கூடாது. வருகிற பிரச்சினைகளை அவளே பார்த்துக்கொள்ள வேண்டும். பணம் வக்கீல் வழியாக வந்துவிடும். இந்த நிபந்தனையைக் கேட்டுவிட்டு ஏற்கெனவே சிலர் வேண்டாமென்று போயிருக்கிறார்கள். இவள் சம்மதிக்கிறாள். அவர் இவள் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்கிறார். அப்போதே தனக்குச் சன்மானம் கிடைத்துவிட்டது போல இவளுக்கு இருக்கிறது. அவரை இவள் வாழ்நாளில் பார்த்தது மொத்தம் இரண்டே முறை.

அப்புறம் பிளையில் நடப்பதைப் பாருங்கள். மைல்ஸை இனிச் சேர்த்துக்கொள்ள முடியாது என்று பள்ளியிலிருந்து கடிதம் வருகிறது. இறந்துபோன வேலையாள் பீட்டர் க்வின்ட் கோபுரத்தின் மேல் நிற்கிறான். இறந்துபோன முந்தைய கவர்னஸ் மிஸ் ஜெஸல் ஏரிக்கரையில் நிற்கிறாள். பிள்ளைகளைக் கெடுத்து இழுத்துப் போகவே அவர்கள் வந்திருப்பதாக இவள் நம்புகிறாள். அப்படி நம்புகிறவள் செய்ய வேண்டிய முதல் காரியம், பிள்ளைகளின் பெரியப்பாவுக்குச் சொல்வது. அதை மட்டும் செய்ய மறுக்கிறாள்.

வேலை போய்விடும் என்ற பயமும் கொடுத்த வாக்கும் மட்டும் இதற்குப் போதாது என்று நினைக்கிறேன். அந்த மௌனம்தான் அவளுக்கும் அவருக்கும் இடையே இருக்கிற ஒரே உறவு. அவர் அவளிடம் கேட்டது அது ஒன்றைத்தான். அவளால் அவருக்குத் தர முடிந்ததும் அது ஒன்றுதான். ஒரு வரி எழுதினாலும் அந்த உறவு அறுந்துவிடும். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் இதை அவள் வாயாலேயே சொல்லிவிடுகிறாள். வீட்டு நிர்வாகத்தைப் பார்க்கும் திருமதி குரோஸ், பிள்ளைகளை அவர்தான் வந்து அழைத்துப் போக வேண்டும், நீங்கள் எழுதுங்கள் என்கிறாள். அதைக் கேட்டதும் இவள் மனதில் ஓடுவது பிள்ளைகளின் கதி இல்லை. அவர் சிரிப்பார். தனியாக விடப்பட்டதைப் பொறுக்க முடியாமல், கண்டுகொள்ளப்படாத தன் அழகின் பக்கம் அவர் பார்வையைத் திருப்ப இவ்வளவு பெரிய ஏற்பாட்டைச் செய்திருக்கிறாள் என்று இளக்காரமாக நினைப்பார். இப்படி ஓடுகிறது அவள் மனம். யாரும் அவள்மேல் சொல்லாத குற்றச்சாட்டு இது. நீங்கள் அவருக்குச் சொன்னால் உங்கள் இருவரையும் விட்டு அந்தக் கணமே போய்விடுவேன் என்று திருமதி குரோஸை மிரட்டவும் செய்கிறாள்.

இந்தப் பத்தியைப் படித்தபிறகு பேய் விவாதம் எனக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டது. நீங்கள் எப்படிப் படிக்கிறீர்கள்?


பழையதபால் எழுதியது:

காதலை நான் மறுக்கவில்லை. ஆனால் வேலை பயத்தை இவ்வளவு சீக்கிரம் தள்ளிவிடாதீர்கள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் கவர்னஸ் என்றால் யார் என்பதை வைத்துப் பார்க்க வேண்டும்.

1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது சுமார் 25,000 பெண்கள் இந்த வேலையில் இருந்தார்கள். நடுத்தர வர்க்கத்துப் பெண் கௌரவம் கெடாமல் சம்பாதிக்க இருந்த வழிகளில் இதுவே பெரிது. அதனால் ஆள் அதிகம், கூலி குறைவு. 'ஜேன் எயர்' நாவலை எழுதிய சார்லட் பிராண்டி 1841ல் ஒரு குடும்பத்தில் இந்த வேலை பார்த்தபோது பேசிய சம்பளம் ஆண்டுக்கு 20 பவுண்டு. துணி வெளுக்கும் செலவைப் பிடித்துக்கொண்டு கைக்கு வந்தது சுமார் 16. முதுமையிலும் நோயிலும் விழுந்த கவர்னஸ்களுக்கு உதவவே 1843ல் லண்டனில் ஒரு நலச் சங்கம் தொடங்கினார்கள். அந்தச் சங்கத்தின் தொடர்பில் 1848ல் கவர்னஸ்களுக்கு முறையான கல்வி தரக் குயின்ஸ் கல்லூரி உருவானது. அது இருந்த இடம் ஹார்லி தெரு. ஜேம்ஸ் அதை நினைத்துத்தான் அந்த முகவரியை எழுதினார் என்று சொல்ல வரவில்லை. முதலாளி வசிக்கும் தெருவிலேயே இந்த வேலைக்கான கல்லூரியும் இருந்தது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

1839ல் சார்லட் தன் தங்கை எமிலிக்கு எழுதிய கடிதம் ஒன்றும் இருக்கிறது. தனி வீட்டு கவர்னஸுக்கு இருப்பு என்பதே இல்லை, செய்து முடிக்க வேண்டிய சலிப்பான கடமைகளைத் தவிர உயிரும் அறிவும் உள்ள ஒரு ஜீவனாக அவளை யாரும் பார்ப்பதில்லை என்று அதில் எழுதுகிறார். வேலைக்காரர்களோடு சேர்ந்து சாப்பிட முடியாது, குடும்பத்தோடும் சேர்ந்து உட்கார முடியாது. பிளையில் இருப்பவளுக்கு நிலைமை இன்னும் விசித்திரம். குடும்பமே அங்கே இல்லை. இருபது வயதில் மொத்த மாளிகைக்கும் அவள்தான் மேலிடம்.

இப்படிப்பட்டவளிடம் எனக்கு எழுதாதே என்று சொல்கிறார்கள். முதல் வேலை, முதல் நிபந்தனை. எழுதினால் என்னால் முடியவில்லை என்று ஒப்புக்கொண்டது போலத்தானே? அப்பா வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அங்கே நிலைமை சரியில்லை என்று கதையிலேயே குறிப்பு வருகிறது.


மூன்றாம்ஜாமம் எழுதியது:

நான் பேய் கட்சி. பேய்கள் உண்மை என்றே படிக்கிறேன், அப்படிப் படித்தால்தான் கதை கதையாக நிற்கிறது என்பது என் அபிப்பிராயம்.

சரி, அவள் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "ஐயா, உங்கள் செத்துப்போன வேலையாள் மாளிகைச் சன்னலில் எட்டிப் பார்க்கிறான்." இந்தக் கடிதத்தை எந்த மனிதன் நம்புவான்? அடுத்த வண்டியில் அவளுக்குப் பதில் வேறொருத்தி வந்திருப்பாள். புதிதாக வருகிறவளுக்கு எதுவும் தெரியாது. பிள்ளைகள் க்வின்ட் கையிலேயே போயிருப்பார்கள். ஆபத்தை அறிந்த ஒரே ஆள் அந்த இடத்தைவிட்டுப் போகக் கூடாது என்று அவள் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. அதைக் காதல் என்று சுருக்குவது அவளுடைய துணிச்சலைக் குறைப்பதாகும்.


நீலக்குறிப்பேடு எழுதியது:

மூன்றாம்ஜாமம், பேய் வந்தபிறகு அவள் எழுதாததற்கு நீங்கள் சொல்வது பொருந்தும். பேய் வருவதற்கு முன்னாலேயே அவள் எழுதவில்லையே?

இரண்டாம் அத்தியாயத்தைப் பாருங்கள். பள்ளித் தலைமையாசிரியரின் கடிதம் பிரிக்கப்படாமலேயே முதலாளியின் குறிப்புக்குள் வைத்து வருகிறது. அந்த ஆள் பெரிய அறுவை, நீயே படி, நீயே சமாளி, எனக்கு ஒரு வார்த்தையும் சொல்லாதே, நான் கிளம்புகிறேன் என்று எழுதியிருக்கிறார். பத்து வயதுப் பையனைப் பள்ளி காரணம் சொல்லாமல் வெளியேற்றியிருக்கிறது. ஆவியும் இல்லை, அமானுஷ்யமும் இல்லை, எந்தக் காப்பாளரிடமும் சொல்லக்கூடிய சாதாரண விஷயம். அவள் என்ன முடிவெடுக்கிறாள்? பெரியப்பாவுக்கு எழுதுவதில்லை. பள்ளிக்கும் பதில் இல்லை. பையனிடமும் கேட்பதில்லை. மூன்று பக்கமும் மௌனம். அந்த முடிவை எடுத்ததும் அவளுக்கு ஒரு பூரிப்பு வருகிறது. திருமதி குரோஸ் அவளை முத்தமிடுகிறாள். ஏதோ வெற்றி பெற்றது போல இருவரும் நிற்கிறார்கள்.

பழையதபால் சொன்ன பயம் உண்மையென்றால் இங்கே ஒரு பதற்றமாவது இருக்க வேண்டும். இருப்பது மகிழ்ச்சி. மூன்றாம் அத்தியாயத்தில் மாலை நேரத்தில் தோட்டத்தில் தனியே உலாவும்போது, தான் இவ்வளவு நன்றாக நடந்துகொள்வது அவருக்குத் தெரிந்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று நினைத்துக்கொள்கிறாள். பாதை திரும்பும் இடத்தில் ஒருவர் எதிர்ப்பட்டு, புன்னகைத்து, மெச்ச வேண்டும்; அவ்வளவு போதும் என்று ஆசைப்படுகிறாள். நிமிர்ந்து பார்த்தால் கோபுரத்தில் ஒரு ஆண். முதல் கணத்தில் தான் நினைத்தவரே வந்துவிட்டார் என்றுதான் அவளுக்குத் தோன்றுகிறது. பிறகுதான் யாரோ அந்நியன் என்று தெரிகிறது. க்வின்ட் உயிரோடு இருந்தபோது முதலாளியின் உடைகளைப் போட்டுக்கொண்டு திரிந்தவன் என்பது அதற்கப்புறம் திருமதி குரோஸ் சொல்லித் தெரிகிறது.

பேய் உண்மையாகவே இருக்கட்டும். அது முதலாளியின் சட்டையில், அவர் வர வேண்டும் என்று அவள் ஏங்கிய நிமிடத்தில் வந்து நிற்கிறது.


தாழ்வாரம் எழுதியது:

எல்லோரும் அவள் ஏன் எழுதவில்லை என்றே கேட்கிறீர்கள். அவர் ஏன் எழுதாதே என்றார் என்று யாரும் கேட்கவில்லை. எனக்குக் கோபம் அந்த மனிதர் மேல்தான்.

அந்த வீட்டில் மௌனம் இவளோடு தொடங்கவில்லை. க்வின்ட் இருந்த காலத்தில் திருமதி குரோஸ் ஏன் முதலாளியிடம் சொல்லவில்லை என்று ஆறாம் அத்தியாயத்தில் கேள்வி வருகிறது. கோள் சொல்வது அவருக்குப் பிடிக்காது, புகார் என்றாலே எரிந்து விழுவார், தன்னிடம் ஒழுங்காக இருக்கிறவர்களைப் பற்றி வேறு எதையும் கேட்க மாட்டார் என்கிறாள். நானாயிருந்தால் சொல்லியிருப்பேன் என்று கவர்னஸ் அடித்துச் சொல்கிறாள். அதே பெண், கொஞ்ச நாள் கழித்து, சொல்ல மாட்டேன் என்று அதே திருமதி குரோஸிடம் மிரட்டுகிறாள். அந்த வீட்டில் யார் வந்து அந்த இடத்தில் நின்றாலும் அவர்கள் வாய் அடைபடும்படி அவர் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார். பிள்ளைகளைச் சீரழித்தவன் அவருடைய சொந்தப் பணியாள். உடம்பு சரியில்லாதவன், கிராமத்துக் காற்று நல்லது என்று அவரே அனுப்பி வைத்தவன். சம்பளம் கொடுத்தால் பொறுப்பு முடிந்தது என்று நினைத்தார். அவர் காதில் எதுவும் விழக் கூடாது என்பதற்காக இரண்டு குழந்தைகளின் வாழ்க்கையைப் பணயம் வைத்தார்.

இவளைப் பைத்தியம் என்று நிரூபிக்க எத்தனை கட்டுரைகள்! அவர்மேல் வழக்குப் போட்டவர்கள் மிகக் குறைவு.


மூன்றாம்ஜாமம் எழுதியது:

தாழ்வாரம் சொன்னதற்கு வலு சேர்க்க ஒரு தகவல். இந்தக் கதையின் கரு ஜேம்ஸுக்குக் கான்டர்பரி பேராயர் எட்வர்டு பென்சன் சொல்லக் கேட்டது. 1895 ஜனவரி 12 தேதியிட்ட குறிப்பில் அதை எழுதி வைத்திருக்கிறார். அதில் என்ன இருக்கிறது? பழைய கிராமத்து மாளிகை, பெற்றோரை இழந்த குழந்தைகள், அவர்களைக் கெடுக்கும் வேலைக்காரர்கள், அந்த வேலைக்காரர்கள் செத்துப் பேயாக வந்து குழந்தைகளைக் கூப்பிடுவது. அவ்வளவுதான். கவர்னஸ் கிடையாது. ஹார்லி தெரு மனிதர் கிடையாது. எழுதாதே என்ற நிபந்தனை கிடையாது.

கேட்ட கதைக்கு ஜேம்ஸ் சொந்தமாகச் சேர்த்தது இந்த மூன்றையும்தான். நான் பேய் கட்சியிலேயே இருக்கிறேன். ஆனால் பேய் அவருக்குக் கடனாக வந்தது, மௌனம் அவருடைய சொந்தச் சரக்கு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.


செம்பருத்திவேலி எழுதியது:

இழையை ஆரம்பத்திலிருந்து படித்தேன். யாரும் தொடாத ஒரு இடம் இருக்கிறது. அவள் தான் எழுதாமல் இருந்ததோடு நிறுத்தவில்லை. பிள்ளைகள் எழுதியதையும் அனுப்பவில்லை.

பதின்மூன்றாம் அத்தியாயத்தில் போகிற போக்கில் சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போகிறாள். பெரியப்பா எப்போது வருவார், நாம் கடிதம் போடலாமா என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர் அவர்களுக்கு ஒரு கடிதமும் எழுதுவதில்லை. அது சுயநலமாக இருக்கலாம், ஆனாலும் தன்மேல் அவர் வைத்த நம்பிக்கையின் அடையாளம் அது என்று இவள் பெருமைப்பட்டுக்கொள்கிறாள். பிள்ளைகளை எழுத விடுகிறாள். அவை அழகான எழுத்துப் பயிற்சி, அவ்வளவுதான் என்று அவர்களுக்குப் புரிய வைத்துவிடுகிறாள். தபாலில் சேர்க்க மனம் வராத அளவுக்கு அழகாக இருந்தனவாம். எல்லாவற்றையும் தானே வைத்துக்கொண்டாள். இந்த நிமிடம்வரை தன்னிடம் இருப்பதாகவும் சொல்கிறாள்.

எனக்கு இதைப் படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. அப்பா அம்மா இல்லாத இரண்டு குழந்தைகள். உலகத்தில் மிச்சமிருப்பது ஒரே ஒரு பெரியப்பா. அவருக்கு எழுதுகிறார்கள். அது போகாது என்று தெரிந்தே எழுதுகிறார்கள். எழுதக் கூடாது என்று அவர் சொன்னது கவர்னஸிடம். பிள்ளைகளிடம் அவர் அப்படிச் சொன்னதாக ஒரு வரியும் கிடையாது. அந்தத் தடையைப் பிள்ளைகள்வரை நீட்டியவள் இவள்.

அடுத்த அத்தியாயத்தில் தேவாலயத்துக்குப் போகும் வழியில் மைல்ஸ் கேட்கிறானே, நான் எப்போது பள்ளிக்குத் திரும்பப் போகிறேன் என்று, அதை இந்த வெளிச்சத்தில் படியுங்கள். நீங்கள் நினைப்பதைத்தான் பெரியப்பாவும் நினைக்கிறாரா என்கிறான். அவருக்கு அவ்வளவாக அக்கறை இல்லை என்கிறாள். அக்கறைப்பட வைக்க முடியாதா என்கிறான். எப்படி? அவரை இங்கே வரவைத்துத்தான். யார் வரவைப்பது? நான் என்கிறான் அந்தப் பத்து வயதுப் பையன். பெரியவர்கள் யாரும் செய்யாததைத் தானே செய்துகொள்ளப் பார்க்கிறான். பேய் பிடித்தவன் பேச்சாக எனக்கு இது கேட்கவில்லை. ஒரு குழந்தை உதவி கேட்கிறது.

முதலாளி குற்றவாளி என்பதை ஒப்புக்கொள்கிறேன், தாழ்வாரம். ஆனால் அவர் எங்கோ லண்டனில் இருந்தார். இந்தக் கடிதங்கள் அவள் கையிலேயே இருந்தன.


கடைசிப்பக்கம் எழுதியது:

நல்ல இழை. தலைப்பில் 'போய்ச் சேரவில்லை' என்று போட்டது சரி, ஏனென்றால் அவள் எழுதவே இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு கடிதம் எழுதினாள். அதன் கதையை வரிசையாகப் பார்த்தால் அவள் மனம் எவ்வளவு பின்வாங்கிக்கொண்டே இருந்தது என்று தெரியும்.

மைல்ஸ் அப்படிப் பேசிய அன்று அவள் தேவாலயத்துக்குள் போகாமல் வீட்டுக்குத் திரும்புகிறாள். பாட அறையில் மிஸ் ஜெஸல் இவளுடைய மேசையில், இவளுடைய பேனாவையும் மையையும் தாளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எஜமானர்கள் இல்லாத நேரத்தில் காதலனுக்குக் கடிதம் எழுதப் பாடுபடும் ஒரு வேலைக்காரப் பெண்ணைப் போல முதலில் தெரிகிறாள். இவள் எழுதாத கடிதத்தை அந்தப் பேய் எழுதிக்கொண்டிருக்கிறது! நீலக்குறிப்பேடு, உங்கள் வாசிப்புக்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்.

அன்று மாலைதான் எழுதுவது என்று முடிவாகிறது. அதுவும் எப்படி? திருமதி குரோஸுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நீ எப்படித் தகவல் சொல்வாய் என்று இவள் கேட்க, காரியஸ்தரிடம் சொல்வேன், அவர் எழுதுவார் என்கிறாள். நம் கதையை அவர் எழுதுவது உனக்குச் சம்மதமா என்று இவள் குத்தலாகக் கேட்டதும் அந்த அம்மா கண் கலங்கி, நீங்களே எழுதுங்கள் என்கிறாள். வேறொருவர் எழுதிவிடுவார் என்ற நிலை வந்தபிறகுதான் இவள் பேனாவைத் தொடுகிறாள்.

அன்றிரவு காற்றும் மழையும். வெற்றுத் தாளைப் பார்த்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறாள். ஏதோ ஆரம்பித்துவிட்டு எழுந்து மைல்ஸ் அறைக்குப் போகிறாள். மறுநாள் திருமதி குரோஸ் கேட்கும்போது எழுதிவிட்டேன் என்கிறாள். ஒட்டி, முகவரி எழுதி, ஆனால் இன்னும் தன் சட்டைப்பையிலேயே இருப்பதை மட்டும் சொல்லவில்லை. தூதாள் கிராமத்துக்குக் கிளம்ப இன்னும் நேரம் இருக்கிறதாம். பிறகு ஃப்ளோராவைக் காணோம் என்று வீடே பரபரக்கும்போது, கடிதத்தை எடுத்துக் கூடத்து மேசையில் வைத்துவிட்டு ஓடுகிறாள். வேலையாள் லூக் எடுத்துப் போவான் என்கிறாள். லூக் வந்தபோது மேசையில் கடிதம் இல்லை. மைல்ஸ் எடுத்துவிட்டான்.

அதில் என்ன இருந்தது தெரியுமா? நேரில் பார்க்க வேண்டும் என்ற வேண்டுகோள் மட்டும். பேயும் இல்லை, பள்ளியும் இல்லை, பையனும் இல்லை. கடைசி அத்தியாயத்தில் மைல்ஸ் ஒப்புக்கொள்கிறான்: என்னைப் பற்றி என்ன எழுதினீர்கள் என்று பார்க்கத்தான் எடுத்தேன், ஒன்றும் இல்லை, எரித்துவிட்டேன். இத்தனை நாள் கழித்து எழுதிய ஒரே கடிதத்திலும் அவள் எதையும் சொல்லவில்லை. உங்களை நான் பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் இருந்தது. அவள் அவருக்கு உண்மையில் எழுத விரும்பியது அவ்வளவுதான் என்று எனக்குப் படுகிறது.

பெஞ்சமின் பிரிட்டன் இதை ஓபராவாக்கினார். 1954ல் வெனிஸில் அரங்கேற்றம், பாடல்வரிகள் மிஃபான்வி பைப்பர். அதில் அவள் கடிதத்தை வாய்விட்டுப் பாடும் இடம் உண்டு. ஐயா என்று தொடங்கி, அன்புள்ள ஐயா என்று மாற்றி, என் அன்புள்ள ஐயா என்று மூன்றாம் முறையாகத் திருத்துகிறாள். நாவலில் கடிதத்தின் சொற்கள் நமக்குக் காட்டப்படுவதில்லை. அந்த விளித்தல் ஒன்றிலேயே பைப்பர் விஷயத்தைப் பிடித்துவிட்டார்.


பழையதபால் எழுதியது:

கடைசிப்பக்கம் போட்ட வரிசையைப் பார்த்தபிறகு ஜேன் எயரை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஜேம்ஸும் அதை மனதில் வைத்தே எழுதியிருக்கிறார். கோபுரத்தில் ஆளைப் பார்த்தபிறகு, இந்த வீட்டில் வெளியே சொல்லாத பைத்தியக்கார உறவினர் யாரையாவது அடைத்து வைத்திருக்கிறார்களோ என்று இவள் யோசிக்கும் இடம், பைத்தியக்கார மனைவியை மாளிகையில் அடைத்து வைத்திருக்கும் 1847ல் வந்த அந்த நாவலை நேராகத் தொடுகிறது. பிளைக்கு வந்த பெண் அந்தக் கதையில் தானும் இருப்பதாக நினைத்துக்கொண்டாளோ என்னவோ.

ஜேனும் கவர்னஸ்தான், முதலாளியைக் காதலிக்கிறவள்தான். ஆனால் அவளுக்கு வேலை கிடைத்தது அவளே பத்திரிகையில் கொடுத்த விளம்பரத்தால். ஆண்டுக்கு 30 பவுண்டு என்று பேசி வந்தவள். அத்தை சாகக் கிடக்கிறாள் என்று தகவல் வந்ததும், விருந்தினர் நடுவே பில்லியர்ட்ஸ் ஆடிக்கொண்டிருக்கும் முதலாளி ரோச்செஸ்டரிடம் நேரே போய் விடுப்புக் கேட்கிறாள். சம்பள பாக்கியைக் கணக்குப் பார்த்துப் பேசுகிறாள். தன் காதல் கலைந்துவிடுமே என்ற தயக்கம் அவள் வாயை அடைக்கவில்லை. வேலைக்காரியாகவும் பேசத் தெரியும், காதலியாகவும் பேசத் தெரியும்.

பிளைக்காரிக்கு இந்த இரண்டு பேச்சும் கிடைக்கவில்லை. காதலை அவளால் சொல்ல முடியாது. வேலை சம்பந்தமாகப் பேசுவதை நிபந்தனை தடுத்துவிட்டது. நான் முதலில் சொன்ன பயமும் நீலக்குறிப்பேடு சொல்லும் காதலும் இங்கே ஒன்றையொன்று இறுக்குகின்றன. வேலை நிபந்தனையே காதலின் நிபந்தனையாகவும் ஆகிவிட்டால் அதை மீற எந்த வழியும் இல்லை.


செம்பருத்திவேலி எழுதியது:

பழையதபால், அப்படிச் சொன்னால் அவளுக்கு எந்தப் பொறுப்பும் இல்லாமல் போகிறதே? திருமதி குரோஸ் எழுதச் சொன்னாள். மைல்ஸ் வரவைக்கச் சொன்னான். இரண்டு முறை கதவு திறந்திருந்தது. எஸ்ஸெக்ஸ் லண்டனுக்குப் பக்கத்து மாவட்டம். கடிதம் போய்ப் பதில் வர மாதக்கணக்கு ஆகப் போவதில்லை. கடைசியில் ஃப்ளோரா காய்ச்சலில் விழுந்து இவள் முகத்தையே பார்க்க மாட்டேன் என்று அலறியபிறகுதான் திருமதி குரோஸோடு பிள்ளையைப் பெரியப்பாவிடம் அனுப்புகிறாள். அப்போதும் மைல்ஸை அனுப்பவில்லை. அவனோடு தனியாக இருந்துவிட்டாள். அவனையும் அந்த வண்டியில் ஏற்றியிருந்தால்?


நீலக்குறிப்பேடு எழுதியது:

இந்தக் கேள்விக்கு என்னிடம் சமாதானம் இல்லை, செம்பருத்திவேலி. அவளைப் புரிந்துகொள்ளத்தான் முயல்கிறேன், விடுவிக்க இல்லை. அந்தப் பிள்ளைகளின் கடிதங்களைப் பற்றி நீங்கள் எழுதியது இந்த இழையிலேயே கனமான பதிவு.

விமர்சகர்களில் எட்னா கென்டன் 1924லும் எட்மண்ட் வில்சன் 1934லும் இவள் பார்வையைச் சந்தேகிக்கச் சொன்னார்கள். வில்சன் அதை அடக்கப்பட்ட ஆசையின் விளைவு என்றே எழுதினார். 1947ல் ராபர்ட் ஹைல்மன் அதை மறுத்து, பேய்களையும் தீமையையும் அப்படியே எடுத்துக்கொள்ளச் சொன்னார். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் படித்ததில் எனக்குத் தோன்றியது, எந்தப் பக்கம் நின்றாலும் கடிதம் போகவில்லை என்ற உண்மை மாறுவதில்லை. பேய் இருந்தால் உதவி கேட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அவளை யாராவது தடுத்திருக்க வேண்டும். இரண்டுக்கும் பெரியப்பா வேண்டும்.

இன்னொன்று. கதையின் முகப்பில் கிறிஸ்துமஸ் சமயத்தில் டக்ளஸ் என்பவர் நண்பர்களுக்கு இந்தக் கதையைப் படித்துக் காட்டுகிறார். கையெழுத்துப் பிரதி லண்டனில் பூட்டிய இழுப்பறையில் இருக்கிறது. தன் ஆளுக்குக் கடிதம் எழுதிச் சாவியை வைத்து அனுப்புகிறார். பொட்டலம் வந்து சேர்ந்துவிடுகிறது. அங்கே தபால் ஒழுங்காக வேலை செய்கிறது. அந்தப் பிரதியை இறப்பதற்கு முன் டக்ளஸுக்கு அனுப்பி வைத்ததும் இவள்தான். ஆக, நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒரு ஆணுக்கு எழுதி அனுப்ப அவளால் முடிந்திருக்கிறது. ஹார்லி தெருக்காரருக்கு மட்டும் முடியவில்லை.


தாழ்வாரம் எழுதியது:

டக்ளஸ் பெயர் வந்ததால் ரொம்ப நாளாக என்னைக் குடையும் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். பிளைக்குப் பிறகு அவள் டக்ளஸின் தங்கைக்கு கவர்னஸாக இருந்தாள். அந்த வேலையில் தான் பார்த்தவர்களிலேயே இனிமையானவள் என்று அவர் சொல்கிறார். பிளையில் கதையின் முடிவில் மைல்ஸ் அவள் கைகளிலேயே செத்திருக்கிறான். அதற்கப்புறம் இன்னொரு நல்ல குடும்பம் எப்படி அவளிடம் பெண்ணை ஒப்படைத்தது? பழையதபால், அந்தக் காலத்தில் முந்தைய முதலாளியின் நற்சான்று இல்லாமல் வேலை கிடைக்குமா?


பழையதபால் எழுதியது:

கிடைப்பது மிகக் கஷ்டம். முந்தைய வீட்டார் நல்லபடியாக ஒரு வார்த்தை எழுதித் தந்தால்தான் அடுத்த வீட்டுக் கதவு திறக்கும். பிளைக்கு வரும்போது அவளுக்கு முன் அனுபவம் கிடையாது, அதனால் அவளுக்குச் சான்று தர வேண்டியவர் ஒரே ஒருவர்தான். டக்ளஸின் குடும்பம் விசாரிக்காமல் எடுத்திருக்காது.

கதையில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவரை அவள் பிறகு பார்க்கவே இல்லை என்பது மட்டும் முகப்பிலேயே உறுதியாகச் சொல்லப்படுகிறது. நேரில் பார்க்காமல் சான்று வாங்க வேண்டுமென்றால் எழுத்தில்தான் வாங்க முடியும். மைல்ஸ் இறந்தபிறகு அவள் அவருக்கு எழுதியிருக்க வேண்டும், அல்லது திருமதி குரோஸ் நடந்ததை லண்டனில் சொல்லி அவர் தானாகவே எழுதித் தந்திருக்க வேண்டும், அல்லது எல்லாம் வழக்கம்போல வக்கீல் வழியாக முடிந்திருக்க வேண்டும். எனக்கு மூன்றாவதுதான் அந்த மனிதருக்குப் பொருத்தமாகத் தெரிகிறது. தம்பி மகன் செத்த செய்தியையும் அவர் வக்கீலிடமே பார்த்துக்கொள்ளச் சொல்லியிருப்பார்.


செம்பருத்திவேலி எழுதியது:

ஃப்ளோரா அவர் வீட்டில் இருந்தாளே அப்போது. அவளிடம் யார் சொல்லியிருப்பார்கள்?